ஐமவுத்திலிருந்து ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. மகளுக்கு வேலை கிடைத்ததற்கு என் வாழ்த்தைச் சொல்.

இங்கே குளிர்காலம். மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. ஊர் வரலாறு பேசவும் கதை கேட்கவும் ஜனங்கள் கூடுவது இந்த மாதங்களில்தான். சின்ன ஊரில் அதற்கெல்லாம் யார் வருவார்கள் என்று கேட்டிருந்தாய். நிறையப் பேர் வருகிறார்கள். ஐமவுத், ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு ஓரத்தில், இங்கிலாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் மீன்பிடி ஊர். சொல்வதற்கு அதனிடம் ஏராளம் இருக்கிறது.

முதலில் கேட்டது கன்ஸ்கிரீன் மாளிகையின் கதை. துறைமுகத்துக்கு எதிரே நிற்கும் அந்த வீட்டை 1750களில் கட்டியவர் ஜான் நிஸ்பெட் என்ற வியாபாரி. அவருடைய உண்மையான தொழில் கடத்தல். அன்றைக்குத் தேயிலைக்கு அவ்வளவு வரி. சுவருக்குள்ளேயே தேயிலையைக் கொட்டி மறைக்க ஒரு ரகசிய வழி வைத்துக் கட்டியிருக்கிறார். 1784இல் அரசாங்கம் அந்த வரியை 12.5 சதவீதமாகக் குறைத்தது. அதோடு தேயிலைக் கடத்தலில் லாபம் போய்விட்டது. கூட்டம் சிரித்துக்கொண்டே கேட்டது.

அடுத்த மாலை யாரும் சிரிக்கவில்லை. 1881 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. பல நாள் மோசமான வானிலைக்குப் பிறகு காலையில் கடல் அமைதியாக இருந்தது. காற்றழுத்தமானி மட்டும், புயலுக்கு அறிகுறியாக, மிகவும் இறங்கியிருந்தது. வீட்டில் காசில்லை, அதனால் படகுகள் கடலுக்குப் போய்விட்டன. நண்பகலில் புயல் அடித்தது. திரும்பி ஓடிவந்த படகுகள் சில, துறைமுக வாயிலில் இருக்கும் ஹர்கர் பாறைகளில், கரையில் நின்ற மனைவி மக்களின் கண்ணெதிரே உடைந்தன. இந்தக் கடலோரம் முழுவதும் 189 பேர் இறந்துபோனார்கள். அதில் 129 பேர் ஐமவுத்காரர்கள்.

பேச்சாளர் ஒரு படகின் பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா, “அது என் கொள்ளுத்தாத்தாவின் படகு” என்றார். அப்புறம் பேச்சு மேடையில் நிற்கவில்லை. ஒருவர் தன் பாட்டி சொன்னதைச் சொன்னார், இன்னொருவர் அதைத் திருத்தினார். எனக்கு இந்த மாலைகளில் மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கதைசொல்லிகள் புயலோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. பிடித்த மீனில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுக்க வேண்டும் என்றொரு பழைய வழக்கம் இங்கே இருந்தது. வில்லியம் ஸ்பியர்ஸ் என்ற மீனவர்தான் அதை எதிர்த்து ஊரைத் திரட்டினார். கடைசியில் பெரிய தொகை தர ஒப்புக்கொண்டுதான் அந்த வரியிலிருந்து மீள முடிந்தது. அந்தக் கடனை அடைத்துக்கொண்டிருந்த ஊருக்குத் துறைமுகத்தை ஆழப்படுத்தக் காசு ஏது? ஆழமான, அகலமான துறைமுகம் இருந்திருந்தால் இன்னும் சில படகுகளாவது உள்ளே வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். காற்றின் மேல் மட்டும் பழியைப் போட்டால் ஸ்பியர்ஸ் ஏன் போராடினார் என்பதே மறந்துபோகும். தேநீர் இடைவேளையில் இதைச் சொன்னேன். சிலர் ஒத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர், எந்தத் துறைமுகமும் அந்தப் புயலுக்குத் தாங்கியிருக்காது என்றார். நாற்காலிகளை அடுக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

நீ வந்தால் இரண்டு இடங்களுக்குக் கூட்டிப்போவேன். ஒன்று அருங்காட்சியகம். புயலின் நூற்றாண்டு நினைவாக 1981இல் ஊர்ப் பெண்கள் தைத்து முடித்த பெரிய துணிச்சித்திரம் அங்கே இருக்கிறது. இன்னொன்று 2016இல் கடற்கரையில் வைத்த வெண்கலச் சிற்பம். அதில் இருப்பவர்கள் இறந்த ஆண்கள் அல்ல, கரையில் தவித்து நின்ற பெண்களும் குழந்தைகளும். ஜில் வாட்சன் என்ற சிற்பி செய்தது. சின்னச் சின்ன உருவங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கடலைப் பார்க்கும். கட்டாயம் நீ பார்க்க வேண்டும்.

அடுத்த மாதம் ஹெர்ரிங் மீன் வெட்டிய பெண்களைப் பற்றிய பேச்சு. மீன் கூட்டத்தைத் தொடர்ந்து வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளிலிருந்து தெற்கே இங்கிலாந்தின் யார்மத் வரை ஊர் ஊராகப் போய், கத்தி கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தவர்கள் அவர்கள். இந்தத் தடவை குறிப்பெடுத்து வைத்து உனக்கு விரிவாக எழுதுகிறேன். மருத்துவர் உன்னை எப்போது பயணம் செய்ய விடுவார் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்