எழுத்தாளர் விழாவுக்கு என்னை அழைத்துப் போனவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் எழுத்தாளர் விழா அக்டோபர் 30 தொடங்கி நவம்பர் 8இல் முடிந்தது. 1986இலிருந்து நடக்கும் விழா முழுக்க இணையத்திலேயே நடந்தது இந்த 2020இல்தான் முதல் தடவை. நேரில் பார்ப்பதுபோல வருமா என்று பலர் குறைப்பட்டார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. துவாஸ் பக்கம் ஒரு தொழிலாளர் விடுதியில் இருக்கிறேன். ஏப்ரலில் எங்களை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். வேலை திரும்பிய பிறகும் விடுதி, லாரி, சைட், மறுபடி விடுதி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், நம்மாட்கள் கூடும் தேக்காவில் ஒரு டீ குடிக்கக்கூட வழியில்லை.

உண்மையைச் சொன்னால், கொரோனாவுக்கு முன்னாலும் நான் போனதில்லை. விழா நடக்கும் ஆர்ட்ஸ் ஹவுஸ், பழைய நாடாளுமன்றக் கட்டடம். லாரியின் பின்னால் உட்கார்ந்து அந்தப் பக்கம் எத்தனையோ முறை போயிருக்கிறேன். உள்ளே நமக்கும் இடம் உண்டு என்று தோன்றியதே இல்லை. நான்கு மொழியில் நடக்கும் விழா, அதில் தமிழும் ஒன்று என்பதையே தமிழாசிரியை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் நன்றி அந்த அக்காவுக்கு. நுழைவுச்சீட்டைத் தன் கார்டில் எடுத்துக் கொடுத்தார். காசைத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு, ஒரு கதை எழுதிக் கொடு, கணக்கு தீர்ந்தது என்றார். என் கவிதைகளில் ஒற்றுப்பிழை திருத்தித் திருத்தி அவருக்குச் சலித்திருக்கும், காட்டிக்கொண்டதில்லை.

உள்நுழையத் தெரியாமல் நான் அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பொறுமையாகப் பதில் போட்ட விழாக் குழுத் தம்பிக்கோ தங்கைக்கோ நன்றி. எதை அழுத்த வேண்டும் என்று படத்தில் வட்டம் போட்டே காட்டியிருந்தீர்கள்.

அப்புறம் அறைத் தோழர்கள். பன்னிரண்டு பேர் இருக்கும் அறையில் இலக்கியம் கேட்பது எளிதல்ல. ஒருவர் ஊருக்கு வீடியோ காலில் பேசுவார், ஒருவர் வடிவேலு காமெடி பார்ப்பார். மேல் கட்டிலில் லுங்கியைத் திரையாகக் கட்டிக்கொண்டு, மைலோ டின்னில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்டேன். முதல் நாள் கிண்டல் செய்தவர்கள்தான், மூன்றாம் நாள் "கவிஞருக்கு ஃபங்ஷன் ஆரம்பிச்சிருச்சு, சத்தத்தைக் குறைங்கப்பா" என்றார்கள். டேட்டா தீர்ந்த இரவு கீழ்க் கட்டில் பங்களாதேஷ் பாய் தன் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அமர்வு முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரு தமிழ் அமர்வில் கேள்வி கேட்கலாம் என்றார்கள். கட்டைவிரலில் சிமெண்டு வெடிப்பு, போனில் தட்டச்சு செய்யவே நேரம் பிடித்தது. "உங்கள் கதைகளில் கட்டடங்கள் நிறைய வருகின்றன, கட்டுகிறவன் ஏன் வருவதில்லை?" என்று கேட்டேன். நெறியாளர் அதைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். நேரம் முடிந்துகொண்டிருந்தது. அவர் என் பெயரைச் சொல்லி, இரண்டு முறை வாசித்தார். எழுத்தாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்களைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரியாததை எழுதப் பயமாக இருக்கிறது என்று நேராகவே சொன்னார். சப்பைக்கட்டு கட்டாத அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இருவருக்கும் நன்றி. சரி, அப்படியானால் தெரிந்தவன் எழுதட்டும் என்று அன்று இரவே நோட்டை எடுத்தேன். கிரேன் ஓட்டும் அண்ணன் ஒருவரின் கதை, பாதி வந்திருக்கிறது.

பட்டுக்கோட்டையில் என் மனைவிக்கும் சொல்ல வேண்டும். இங்கே இரவு எட்டு மணி, அங்கே ஐந்தரை. பிள்ளையோடு நான் பேசும் நேரம் அது. விழா முடியும்வரை அதை விட்டுக்கொடுத்தாள். தீபாவளிக்கும் வர முடியாது என்று தெரிந்த பிறகும்.

விழாவை நடத்திய தேசியக் கலைகள் மன்றத்தாருக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு அரங்குகள் திறந்தாலும் சில அமர்வுகளையாவது இணையத்திலும் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்க்கிறவர்கள் எங்களில் நிறையப் பேர்.

பாய், உங்களுக்கு ஒரு பிரியாணி பாக்கி. தேக்காவுக்குப் போக விடட்டும், முதல் ஞாயிறே சாப்பிடுவோம்.

அன்புடன்,
துவாஸ் விடுதியிலிருந்து ஒரு பட்டுக்கோட்டைக்காரன்