பார்க்கப்படுபவளாகவே வளர்க்கப்படும் பெண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிப் பாடசாலைகளில் நீண்ட காலம் சித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பெண்பிள்ளை பருவமடைந்ததும் நாம் நடத்தும் சாமத்திய வீட்டுப் படப்பிடிப்புகள் பற்றியும், அவற்றுக்கு அடியில் இருக்கும் ஆண்நோக்கு, அதாவது பெண்ணை ஆணின் கண்ணுக்கான காட்சிப்பொருளாகக் காணும் பார்வை பற்றியும் சில கருத்துகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பெற்றோர் முன் வைக்க விரும்புகிறேன்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இப்போது சடங்கைவிடப் படப்பிடிப்பே பெரிதாகிவிட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியைக் குளக்கட்டுக்கும் கடற்கரைக்கும் கூட்டிச்சென்று, திரைப்பட நாயகியைப் போல இடை ஒடித்து நிற்கவும், தோளுக்கு மேலாகத் திரும்பிச் சிரிக்கவும் கமராக்காரர் சொல்லிக்கொடுக்கிறார். பெற்ற தாய் அருகில் நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறாள். பின்னர் அந்தப் படங்கள் பதாகையாக ஒழுங்கை முகப்பில் தொங்குகின்றன, காணொளியாக முகநூலில் முகம் தெரியாதவர்கள் பார்வைக்கும் போகின்றன. தன் உடம்பு பிறர் பார்ப்பதற்காக ஒழுங்குபடுத்தப்பட வேண்டியது என்பதே அச்சிறுமி அன்று கற்கும் பாடம். அடுத்த மாதம் அவள் சைக்கிளில் ரியூசனுக்குப் புறப்படும்போது, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் போய்வரும்படி அதே வீட்டில் சொல்கிறார்கள். வழியில் எவனாவது சீண்டினால், அவள் உடுத்திய விதத்தைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். இது எனக்கு ஆறாத வேதனையைத் தருகிறது.

திரைப்பட ஆய்வாளர் லோரா மல்வி 1975இல் வெளியான தமது கட்டுரையில், கமராவின் பார்வை, கதைமாந்தரின் பார்வை, அரங்கிலிருப்போரின் பார்வை ஆகிய மூன்றும் ஆணின் பார்வையாகவே அமைந்து பெண்ணைக் காட்சிப்பொருளாக்குகின்றன என்று விளக்கினார். சினிமா பார்த்துப் பழகிய அந்தக் கண்ணைக்கொண்டே நாம் பெற்ற பிள்ளைகளையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

சினிமா வருவதற்கு முன்னரும் இது இருந்தது. சித்திர பாடத்தில் நாம் கற்பிக்கும் சிகிரியாவின் 5ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் எஞ்சியிருப்போர் யாவரும் பெண்கள். அங்கு கண்ணாடிபோல மெருகிட்டதால் கண்ணாடிச் சுவர் எனப்படும் சுவரில் பிற்காலத்தில் வந்தவர்கள் கீறிச்சென்ற பாடல்களுள் 685ஐப் பேராசிரியர் செனரத் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். அவற்றில் பெரும்பாலானவை அப்பெண்களின் அழகைக் கண்டு மயங்கிய ஆண்கள் எழுதியவை. பெண்கள் எழுதிய சில பாடல்களும் அதே சுவரில் இருக்கின்றன. அவற்றையும் வகுப்பில் வாசித்துக்காட்ட வேண்டும்.

பார்க்கப்படுவதற்குப் பெண் வேண்டும், பார்த்து வரைவதற்கு அவள் ஆகாது என்ற வழக்கம் ஐரோப்பாவிலும் நிலவியது. 1768இல் இலண்டனில் ரோயல் கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அஞ்செலிக்கா கவுஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண்கள் அதன் நிறுவக உறுப்பினராயிருந்தனர். ஆயினும் உறுப்பினர்கள் ஆடையற்ற மாதிரியைச் சூழ்ந்திருக்கும் காட்சியை யொகான் சொஃபனி வரைந்தபோது, அந்தக் கூடத்துக்குள் பெண்கள் வரக்கூடாது என்பதால் அவ்விருவரையும் சுவரில் தொங்கும் உருவப்படங்களாகவே காட்டினார். அவர்களுக்குப் பின் இன்னொரு பெண் அங்கே முழு உறுப்பினராகத் தெரிவாக 1936 வரை செல்ல வேண்டியிருந்தது.

நமது மண்ணின் நிலையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. நந்திக்கடலோரம் மூதாட்டியாக வந்த கண்ணகை அம்மன், பேன் பார்த்த சிறுவனுக்குத் தன் தலையில் ஆயிரம் கண்களைக் காட்டி மறைந்தாள் என்பது வற்றாப்பளை அம்மன் கோயிலின் ஐதிகம். ஆயிரம் கண்ணால் பார்ப்பவளைத் தெய்வமாகக் கும்பிடும் ஊரிலே, அவள் கதையைச் சொல்லும் கோவலன் கூத்தில் கண்ணகியாக ஆடும் உரிமை வழிவழியாக ஆண்களிடமே இருந்தது. இன்று பாடசாலைகளில் மாணவியர் கூத்தாடுகிறார்கள். ஆனால் மணமானதும் மேடையைவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இறக்கப்படுகிறார்கள் என்பதே உண்மை.

இதோடு, வன்னிப் பெண்கள்மீது இன்னொரு பார்வையும் விழுகிறது. அது இரக்கத்தின் பார்வை. போர் முடிந்த 2009க்குப் பின் நம்மைப் பற்றி வந்த ஓவியங்களிலும் ஒளிப்படங்களிலும் பெண் என்றால் கண்ணீர் வடிப்பவள், நெற்றியில் பொட்டில்லாதவள். முகமாலையில் மண்ணைக் கிண்டிக் கண்ணிவெடி அகற்றும் பெண்ணும், வயலில் தனித்து நின்று கமம் செய்பவளும் ஓவியனின் கண்ணுக்குப் படுவதில்லை. அழகென்று பார்த்தாலும் பாவமென்று பார்த்தாலும், அவளுக்கு ஒரு சொல் உண்டு, ஒரு முடிவு உண்டு என்பது பார்ப்பவருக்குத் தோன்றுவதேயில்லை.

அவளுக்காகக் கண்கலங்கும் சமூகம் அவளது கையொப்பத்தை நம்புவதுமில்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமை என்னும் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் இத்தனை பேர் வாழும் மண்ணில் இத்தகைய நிபந்தனை பெரும் அநீதி.

பெற்றோர் பிள்ளையின் சடங்குப் படங்களை வீட்டோடு வைத்திருக்க வேண்டும். கலாசாரப் பேரவைகள் தமது கலைப்போட்டி நடுவர் குழுக்களில் பெண்களுக்குச் சரிபாதி இடம் கொடுக்க வேண்டும். கமராவைப் பெண்பிள்ளைகள் கையில் கொடுத்துப் பழக்கப் பாடசாலைகள் முன்வர வேண்டும். தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட தம் உறவுகளைத் தேடிக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி முதல் போராடிவரும் தாய்மாரின் படத்தை அடுத்த முறை அச்சிடும்போது, அவர்கள் கையிலுள்ள மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் அதன் கீழே அச்சிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை,
கிளிநொச்சி.