பெவிக்கின் கிழட்டுக் குதிரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரச்செதுக்குப் படங்கள் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ஆங்கிலேயரான தாமஸ் பெவிக்கின் 'சாவை எதிர்பார்த்து' என்னும் கடைசிப் படத்தை, முதுமையில் கை தளர்ந்து பாதியில் நின்றுபோன வேலை என்று சொல்லியிருந்தது. முப்பது ஆண்டுகள் எழுத்துக் கோத்தவன் என்ற முறையில் இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1828இல் தமது 75ஆம் வயதில் காலமான பெவிக், தலை தாழ்த்தி நிற்கும் அந்தக் கிழட்டுக் குதிரையை, படம் செதுக்கி மை தடவித் தாளில் ஒத்தும் மரக்கட்டை ஒன்றோடு முடிக்க நினைக்கவில்லை. முதல் கட்டையின் பதிவுமேல் வேறு கட்டையையும் ஒத்தி, நிழலுக்கு மேல் நிழல் ஏற்றுவது அவர் திட்டம். அவர் மறைந்தபின் 1832இல் மகன் ராபர்ட் வெளியிட்டது முதல் கட்டையின் பதிவை மட்டுமே. அதைப் பார்த்துக் கை தளர்ந்தது என்பது, பல வண்ணப் படத்தில் ஒரு வண்ணம் மட்டும் ஓடிய தாளைப் பார்த்து அச்சுக்காரரைக் குறை சொல்வதற்குச் சமம்.

பெவிக் 14 வயதில் நியூகாசிலில் ரால்ஃப் பெய்ல்பியிடம் உலோகப் பொறிப்பு வேலை கற்கச் சேர்ந்தவர். அந்தக் கூருளியை, குறுக்கே அறுத்த 'பாக்ஸ்' என்னும் கடின மரத்தின் முகத்தில் ஓட்டினார். கீறிய இடத்தில் மை ஒட்டாததால் அது தாளில் வெள்ளையாக விழும். ஆகவே அவர் வரைந்தது கருப்பை அல்ல, வெளிச்சத்தை. எங்கள் அச்சகத்தில் படத்தின் ஒரு பகுதி மங்கலாக விழ வேண்டுமென்றால், அடியில் ஒட்டிய மெல்லிய தாளை அந்த இடத்தில் மட்டும் கிழித்து அழுத்தத்தைக் குறைப்போம். பெவிக்கோ அச்சுக்காரரை நம்பி விட்டுவிடாமல், தூரத்துக் குன்று வரும் இடத்தில் கட்டையையே சுரண்டித் தாழ்த்திவிட்டு, அதன்மேல் கோடு கீறினார். (இதைக் கேட்டால் எங்கள் மெஷின்மேனுக்குக் கோபம்தான் வரும்.)

பாக்ஸ் மரம் பருக்காது என்பதால் கட்டைகளும் பெரும்பாலும் உள்ளங்கையளவே; பெரிய கட்டை பிளக்கும் ஆபத்து அதிகம். 1789இல் அவர் செதுக்கிய 'சில்லிங்ஹாம் காளை' என்னும் பெரிய படத்தின் கட்டை, சில படிகள் எடுத்ததுமே பிளந்துபோனது. அப்படிப் பட்டிருந்தும் கடைசிக் காலத்தில் மறுபடி பெரிய கட்டையையே எடுத்தவரைத் தளர்ந்தவர் என்று எப்படிச் சொல்வது?

கட்டுரையோடு வந்த படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கியதில் விலாவின் கோடுகளெல்லாம் ஒட்டிக் கரும்பட்டையாகிவிட்டன. அடுத்த இதழில் ஒரு முழுப்பக்கம் ஒதுக்கி, அசல் அளவிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவர்,
சிவகாசி.