108-க்கு வர்ற போன் காலை ஒரு சிஸ்டரும் எடுக்கட்டும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு,

வணக்கம். இருபது வருஷத்துக்கு மேல கேஷுவாலிட்டில ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், அந்த உரிமைல எழுதறேன்.

2008-ல 108 வந்தப்புறம் எங்க வாசல்ல வந்து நிக்கற கேஸே மாறிப்போச்சு, அதுவரைக்கும் ஆட்டோல மடில போட்டுத் தூக்கிட்டு வந்தவங்க ஆக்சிஜனோட வந்து இறங்குனாங்க. ஆனா இப்ப ராத்திரி வண்டி வந்து நின்னா சில நேரம் உள்ள இருக்கறது லேசான காய்ச்சல், இல்ல டிரெஸ்ஸிங் மாத்தணும்னு ஒருத்தர், யூரின் டியூப் மாத்தணும்னு ஒரு தாத்தா. அவங்க மேல தப்பே இல்ல, பஸ் கிடையாது, ஆட்டோவுக்கு காசு கிடையாது, வேற யாரைத்தான் கூப்பிடுவாங்க? ஆனா அதே நேரம் பக்கத்துல ஒரு ஆக்சிடெண்ட்னா அடுத்த வண்டி தூரத்துல இருந்துதான் வரணும்.

அவசரம் இல்லன்னு தெரியற போன் காலை கட் பண்ணாம, 108 கன்ட்ரோல் ரூம்லயே உக்காந்திருக்கற ஒரு அனுபவமான சிஸ்டர்கிட்ட குடுங்க. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன்ல 2018-ல இருந்து அவங்க அவசர நம்பர் 911-க்கு வர்ற இந்த மாதிரி போன் காலை நர்ஸ்கிட்ட மாத்தறாங்க, அவங்களே கிளினிக்ல நேரம் வாங்கித் தர்றாங்க. நம்மகிட்ட போன்ல மருத்துவ ஆலோசனை கேக்க 104 இருக்குதான், ஆனா நடுராத்திரி பதட்டத்துல கை போறது 108-க்குத்தான்.

நர்ஸ்தான் வேணும்னு ஏன் சொல்றேன்னா, நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் 'வாயு புடிச்சிருக்கு'ன்னுதான் சொல்லுவாங்க. வேர்த்துக் கொட்டுதா, தாடை வலிக்குதா, சுகர் இருக்கா, ஒரு வரி முழுசா பேச முடியுதா இல்ல நடுவுல மூச்சு வாங்குதான்னு கேட்டாத்தான் அது ஹார்ட் அட்டாக்கா இருக்குமோன்னு சந்தேகமே வரும், சுகர் பேஷண்டுக்கு சில சமயம் வலியே இருக்காது. பேப்பர்ல இருக்கற கேள்விய யார் வேணா படிக்கலாம், பதில் சொல்ற குரல்ல இருக்கற பயத்த கேக்க பழக்கம் வேணும். அதனால புதுசா படிச்சு முடிச்ச புள்ளைங்கள குறைஞ்ச சம்பளத்துல ஒப்பந்தத்துக்கு எடுத்து இங்க உக்கார வெச்சிடாதீங்க. சந்தேகம்னா யாரையும் கேக்காம வண்டி அனுப்பற அதிகாரம் அந்த சிஸ்டருக்கு இருக்கணும், வண்டி அனுப்பலன்னா ஒரு மணி நேரத்துல திரும்ப அவங்களே கூப்பிட்டு எப்படி இருக்குன்னு விசாரிக்கணும்.

அந்த தாத்தா மாதிரி ஆளுங்களுக்கு, 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே போகுதே, காலைல அந்த டீமுக்கு பேரு போய்ச் சேர்ந்தா போதும், அவர வண்டில தூக்கிப் போட்டு அலைக்கழிக்க வேண்டியதில்ல.

முதல்ல ஒரே ஒரு மாவட்டத்துல, ராத்திரி ஷிஃப்ட்ல மட்டும் ஆரம்பிங்க. கூப்பிட்டா நான் வர்றேன்.

இப்படிக்கு,
அரசு ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி