தடை ஆள் மீதா, சரக்கு மீதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மீது பொருளாதாரத் தடை விதிக்க மத்திய அரசை வலியுறுத்தி 2011 ஜூன் 8-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இலங்கைப் போரில் குற்றம் செய்தவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் தடையை யார் மீது போடுவது, செலவு யார் தலையில் விழும் என்பதையும் பேச வேண்டும்.

விசாவை மறுத்து, சொத்தை முடக்கும் ஆள் மீதான தடைக்கு ஆகும் செலவு சொற்பம். அமெரிக்காவில் இத்தகைய மசோதாக்களுக்கு நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் செலவுக் கணக்குத் தருகிறது. ஐந்தாண்டுக்கு 5 லட்சம் டாலருக்கும் குறைவு என்பதே அதில் அடிக்கடி காணும் விடை. பட்டியல் தயாரிக்கும் அதிகாரிகளின் சம்பளமும், மறுக்கப்படும் விசாக்களால் குறையும் கட்டணமும்தான் செலவு. மீறுவோர் கட்டும் அபராதம் வரவு. 2023 ஜனவரியில் ராஜபக்ச சகோதரர்கள் உட்பட நால்வர் மீது கனடாவும், 2025 மார்ச்சில் இலங்கையின் முன்னாள் படைத் தளபதிகள் சவேந்திர சில்வா, கரன்னகொட, ஜகத் ஜயசூரிய, முன்னாள் விடுதலைப் புலித் தளபதி கருணா ஆகியோர் மீது பிரிட்டனும் விதித்தவை இந்த வகைத் தடைகளே.

சரக்கு மீதான தடை அப்படியல்ல. பயிருக்குச் சாம்பல் சத்து தரும் உரம் பொட்டாஷ். அதன் உலக ஏற்றுமதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பெலாரஸ் நாட்டுடையதாக இருந்தது. அங்கு நடந்த அடக்குமுறைக்காக அதன் அரசு பொட்டாஷ் நிறுவனத்தை 2021 ஆகஸ்டில் அமெரிக்கா தடைப் பட்டியலில் சேர்த்தது. 2022 பிப்ரவரியில் லிதுவேனியா தன் ரயில் பாதையில் அந்தப் பொட்டாஷ் செல்வதையும் நிறுத்தியது. பெலாரஸ் கடலில்லாத நாடு என்பதால் அதன் சரக்கு லிதுவேனியத் துறைமுகத்துக்கு வரவில்லை. நமக்கோ பொட்டாஷ் முழுக்க இறக்குமதி. 2021-இல் டன் 280 டாலருக்குப் போட்ட ஒப்பந்தம், அடுத்த பிப்ரவரியில் 590 டாலருக்குப் போனது. கப்பல் கூலி உயர்வும் இதில் சேர்ந்தது உண்மை. தடை மட்டுமே காரணமல்ல.

மத்திய அரசு பொட்டாஷ் சத்துக்குக் கொடுத்த மானியம் கிலோவுக்கு 10.116 ரூபாயிலிருந்து 2022 காரிஃபில் 25.31 ரூபாயானது. 50 கிலோ மூட்டையில் சத்து 30 கிலோ. அதாவது மூட்டைக்கு 303 ரூபாயாக இருந்த மானியம் 759 ஆனது. அப்படியும் கடையில் மூட்டை 1,700 ரூபாய்க்கு விற்றது. நெல்லுக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 50 கிலோ சாம்பல் சத்து. ஏக்கருக்கு 33 கிலோ உரத்துக்கு மேல். விலை ஏறினால் விவசாயி முதலில் குறைப்பது இதைத்தான். யூரியா மட்டும் போட்ட சம்பா பச்சைப் பசேலென்று நிற்கும். பொட்டாஷ் இல்லாத தண்டு கார்த்திகை மழைக்குச் சாயும், கதிரில் பதர் கூடும். வாஷிங்டன் போட்ட எந்தச் செலவுக் கணக்கிலும் இது இல்லை.

இலங்கை மீது சரக்குத் தடை வந்தால் முதலில் அடிபடுவது நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலும் யாழ்ப்பாணத்துக் கடைகளும்தான். பொறுப்பான தளபதிகளுக்கு அதனால் ஒரு இடைஞ்சலும் வராது.

தனிநபர்களுக்கு விசா மறுக்க டெல்லிக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சொத்தை முடக்கத்தான் தேவை; இப்போதிருக்கும் 1947-ஆம் ஆண்டு ஐ.நா. (பாதுகாப்பு அவை) சட்டம் ஐ.நா. பாதுகாப்பு அவையின் முடிவுகளுக்கு மட்டுமே பொருந்தும். ஐ.நா. பட்டியலோடு வங்கிகள் வாடிக்கையாளர் பெயரை ஒப்பிடும் ஏற்பாடு ஏற்கெனவே இருப்பதால் கூடுதல் செலவு அதிகமிராது. சிக்கல் பெயரில்தான். கருணாவின் பெயர் விநாயகமூர்த்தி முரளிதரன். டெல்டாவில் முரளிதரன்கள் எத்தனை பேர்! நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் இடம் மாறும், ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் வேறு. பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் இல்லாத பட்டியல், லண்டனிலிருந்து மகன் அனுப்பும் பணத்தை நிறுத்திவிடும். தவறாக முடங்கிய கணக்கை இத்தனை நாளில் விடுவிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே கெடு வேண்டும்.

தடை மசோதா எது வந்தாலும் அதனுடன் வைக்கும் நிதிக் குறிப்பில் அதிகாரிகளின் சம்பளத்தோடு நின்றுவிடாமல், சரக்குத் தடையானால் உர மானியம் போன்றவை எவ்வளவு ஏறும் என்பதையும் எழுதுமாறு டெல்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

வாசகர்கள்,
மன்னார்குடி