திரௌபதி கேட்ட கேள்வி எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புராணத் தொடர்கள் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கத்தைக் கற்றுத் தருவதாகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாமி தொடர்களை விரும்பிப் பார்ப்பவள் நான். ஆனாலும் கட்டுரையாளர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போதைய தொடர்களில் கெட்டவன் வாய் திறக்குமுன்பே இசை அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நல்லவர்கள் தவறே செய்வதில்லை; செய்தாலும் ஓர் அற்புதம் வந்து அதை மறைத்துவிடும். பார்க்கும் குழந்தைக்கு யோசிக்க என்ன மிச்சம்?

பாரதம் அப்படிப்பட்ட கதையே அல்ல. தம்மையே தோற்றுவிட்ட தருமருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று சபையில் திரௌபதி கேட்டாள். தருமத்தின் நுட்பம் பிடிபடவில்லை என்று பீஷ்மரே திணறினார். பாரதியின் பாஞ்சாலியும் அதே கேள்வியைத்தான் கேட்கிறாள். திரையிலோ சேலை வளர்வதை விதவிதமாகக் காட்டுகிறார்கள், கேள்வி காதில் விழுவதே இல்லை. துரோணரை வீழ்த்த அவர் மகன் அசுவத்தாமன் இறந்தான் என்று தருமர் பொய் சொன்னதும், அதுவரை நான்கு விரற்கடை மேலே ஓடிய அவர் தேர் தரையைத் தொட்டது. பிள்ளைகளைத் தாமாகவே பேசவைக்க அந்த ஒரு காட்சி போதுமே! போர் முடிந்தபின் கண்ணனையே சபிக்கிறாள் காந்தாரி. கடவுள் அந்தச் சாபத்தை ஏற்றுக்கொள்கிறார். என் பக்தி இந்த இடத்தில்தான் உறுதிப்படுகிறது, மின்னல் வெட்டும் கிராபிக்ஸில் அல்ல.

தொலைக்காட்சியால் முடியாத காரியம் என்றும் சொல்ல மாட்டேன். 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் வந்த பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில் காலமே கதை சொல்லியாக வந்தது. காலத்துக்கு எந்தக் கட்சியும் கிடையாது. அதற்கு வசனம் எழுதிய ராஹி மாசூம் ரஸா ஒரு முஸ்லிம். கதையின் மேல் அவருக்கு இருந்த மரியாதையை ஒவ்வொரு வாரமும் உணர முடிந்தது.

எங்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் இன்னும் கூத்து நடக்கிறது. கர்ண மோட்சத்தில் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும்போது கூட்டமே அழும். அவன் நிற்பது துரியோதனன் பக்கம் என்று தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. தெரிந்தும் அழுகிறார்கள். வீட்டில் இறந்தவரின் காரியத்துக்கு அந்தக் கூத்தையே வைக்கும் ஊர்களும் உண்டு. பாண்டவரைக் கொண்டாடும் அதே ஜனம்தான் இது. எழுத்தறியாத பாட்டிகளுக்குக்கூடப் புரிந்த இந்தச் சிக்கல் நேயர்களுக்குப் புரியாது என்று தொடர் எடுப்பவர்கள் ஏன் முடிவு கட்டுகிறார்கள்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தொடர்களைப் பற்றி எழுதும்போது நடிகர்களின் நகை, உடை, அரங்க அமைப்போடு நின்றுவிடாமல், மூலக்கதையிலிருந்து எதைக் கைவிட்டார்கள் என்பதையும் உங்கள் விமர்சகர்களை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திண்டிவனம்