பப்திஸ்து சபைகளின் பழைய குறிப்பேடுகளைக் காக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துப் பழைய தேவாலயங்களைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவரும் கட்டுரைகளை விருப்பத்தோடு வாசித்து வருகிறேன். அவற்றோடு சேர்த்து, விசுவாசத்தை அறிக்கையிட்டவர்களுக்கு மட்டும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும், இலங்கையிலுள்ள பப்திஸ்து சபைகளின் வரலாற்றையும் அவற்றின் போதகர்களையும் நம்மவர் அறிய வேண்டும் என்பதே என் விருப்பம்.

இங்கிலாந்துப் பப்திஸ்து மிஷனைச் சேர்ந்த ஜேம்ஸ் சேட்டர், ரங்கூனில் சில ஆண்டுகள் ஊழியம் செய்தபின் 1812 இல் கொழும்புக்கு வந்தார். சிங்களத்தைக் கற்று 1815 இல் அதற்கோர் இலக்கண நூலையும் வெளியிட்ட அவர், 1829 இல் தாயகம் திரும்பும் வழியில் கடலிலேயே காலமானார். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த எபனேசர் டானியேல், 1844 இல் இறக்கும்வரை கிராமம் கிராமமாகச் சென்று உழைத்தார்.

இந்த வரலாறு நம் குடாநாட்டுக்குத் தொலைவானதன்று. 1812 இல் அமெரிக்காவிலிருந்து ஒரே கப்பலில் புறப்பட்ட அதோனிராம் ஜட்சனும் சாமுவேல் நியூவெலும் ஒரே மிஷன் சங்கத்தால் அனுப்பப்பட்டவர்கள். கடற்பயணத்திலேயே ஞானஸ்நானம் பற்றிய வேதவசனங்களை ஆராய்ந்த ஜட்சன், கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றுப் பப்திஸ்துவாகி, சேட்டர் முன்பு ஊழியம் செய்த ரங்கூனுக்கே சென்றார். பழைய சபையிலேயே நிலைத்த நியூவெல் இலங்கைக்கு வந்தார். அவர் எழுதி அனுப்பிய செய்திகளும் 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து, பின் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்குவதற்கு ஒரு காரணமாயின.

பப்திஸ்து சபைக்குப் பேராயர் இல்லை. சபையாரே கூடி ஆராய்ந்து தங்கள் போதகரை அழைக்கிறார்கள். அங்கத்தவரைச் சேர்ப்பதும் நீக்குவதும் சபைக் கூட்டத்தின் முடிவே. இதனால் எந்தப் போதகர் எப்போது, ஏன் அழைக்கப்பட்டார், எதற்காக விலகினார் என்பதெல்லாம் அந்தந்தச் சபையின் கூட்டக் குறிப்பேட்டிலேயே எழுதப்படுகின்றன. ஆங்கில மிஷனரிமாரின் கடிதங்கள் ஒக்ஸ்போர்ட்டிலுள்ள ரீஜென்ட்ஸ் பார்க் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால், அவர்களுக்குப் பின் சபைகளைத் தாங்கிய இந்நாட்டுப் போதகர்களுக்கும் உபதேசியார்களுக்கும், பெரும்பாலும் தம் சபையின் குறிப்பேட்டையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் விட்டால் வேறு சாட்சி இல்லை. இவர்களின் பெயர் வெறும் பட்டியலில் ஒரு வரியாக மட்டும் நிற்பது எனக்குப் பெரும் குறையாகவே படுகிறது.

1981 இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது எவற்றை இழந்தோம் என்பதை நாம் மறக்கவில்லை. ஆகவே பழைய சபைகள், பப்திஸ்து சபைகளாயினும் 1947 இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்குள் வந்த அமெரிக்க மிஷன் சபைகளாயினும், தம் குறிப்பேடுகளைப் படமெடுத்துப் பிரதிகளை வேறோரிடத்திலும் வைக்க முன்வர வேண்டும். தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் ‘நூலக நிறுவனம்’ (Noolaham Foundation) என்ற அமைப்பை இதற்கு அணுகலாம். போதகர்களின் நாட்குறிப்புகளையும் நூற்றாண்டு மலர்களையும் வைத்திருக்கும் குடும்பத்தினர், மூலப்பிரதியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு படமெடுக்க மட்டும் அனுமதித்தாலும் போதும். இவ்வேண்டுகோளைத் தங்கள் பத்திரிகை வாசகரிடம் கொண்டுசேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.